சாக்லேட் தாளும் வாய்க்காலும்

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது, ரயில்கள் நின்றன. பெருமழையை நாம் தடுக்க முடியாது. தெரு வாய்க்காலைக் குப்பை அடைக்காமல் காக்க முடியும்.

இதை அங்கன்வாடிக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? மணலில் சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நடுவில் சாக்லேட் தாளைச் செருகுங்கள். தண்ணீர் கரை மீறும். தாளைப் பிள்ளையே எடுக்கட்டும்; தண்ணீர் ஓடும். நாலு வயசுக்கு இந்தப் பாடம் போதும்.

1840-ல் ஜெர்மானியர் ஃபுரோபல் சூட்டிய ‘கிண்டர்கார்டன்’ என்ற பெயருக்குக் குழந்தைகள் தோட்டம் என்றே பொருள். அங்கே பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பாத்தி உண்டு. கை செய்தது மனசில் நிற்கும்.

வீடு திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியே சிப்ஸ் பாக்கெட்டை நாமே வீசினால், அதுவும் பிள்ளைக்கு ஒரு பாடம்தான்!