எழுபது பேர் என்பது பெயரல்ல

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில், பத்து காஜா போகும் வழியில், கட்டி முடிக்கப்படாத ஒரு மாளிகை நிற்கிறது. பெயர் கெல்லீஸ் கோட்டை. 'தமிழன் கட்டிய பேய்க் கோட்டை' என்று அதைப் பற்றி ரீல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கீழே வரிசையாக இதயக் குறிகள். கொள்ளிடக் கரையில், திருமழபாடியில் இருக்கும் எனக்கு அங்கே என்ன வேலை? மலாயாத் தோட்டங்களுக்கு ஆட்களை அள்ளிக் கொடுத்த மாவட்டங்களில் நம் பழைய திருச்சி மாவட்டமும் ஒன்று. அந்த வகையில் கொஞ்சம் வேலை இருக்கிறது.

1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித் இருபது வயதில் மலாயா வந்து, ரப்பரில் பணம் பார்த்தவர். முதலில் ஒரு வீடு கட்டினார். போதவில்லை. 1915இல் அதை ஒட்டியே மாளிகையை எழுப்பத் தொடங்கினார். சொந்த ஊர் நினைப்பில் ஆறடுக்குக் கோபுரம், மூரிஷ் பாணியில் குதிரைலாட வளைவுகள், நம் சென்னை உயர்நீதிமன்றத்தை நினைவூட்டும் இந்தோ-சாரசனிக் சாயல், மொட்டைமாடி, கோபுரத்துக்குள் லிஃப்ட்டுக்கென விட்ட வெற்றுக் கூண்டு. எல்லாம் கலந்த விசித்திரமான கட்டடம். செங்கல்லும் கொத்து வேலைக்காரர்களும் சென்னை ராஜதானியிலிருந்து போனார்கள். 1926இல் துரை லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். வேலை நின்றது. பூச்சு காணாத செங்கல் சுவர்கள் இன்றும் அப்படியே தெரிகின்றன. அழகாகவே இருக்கின்றன, அதை மறுக்க வேண்டியதில்லை.

நடுவில் ஒன்று நடந்தது. முதல் உலகப்போரின் முடிவில் பரவிய ஸ்பானிஷ் ஃப்ளூ அந்தத் தோட்டத்துக்கும் வந்தது. வேலையாட்களில் சுமார் 70 பேர் செத்தார்கள் என்கிறார்கள். மிச்சமிருந்தவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டார்கள். துரை கட்ட அனுமதித்தார். நன்றிக்கடனாக, கோயில் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக அவரையும் வைத்துவிட்டார்கள். இன்றும் நிற்கிறார்.

துரைக்குப் பெயர் இருக்கிறது, பிறந்த வருடம் இருக்கிறது, இறந்த நோயும் ஊரும் இருக்கின்றன. அவர் மனைவி, பிள்ளைகளின் பெயர்களும் தெரியும். வாங்கி வராத லிஃப்ட்டுக்குக்கூட ஒரு கதை உண்டு. செத்த தொழிலாளர்களோ 'சுமார் 70'. அந்த 'சுமார்' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. கட்டணம் வாங்கி, புல் வெட்டி, சுவர் பராமரித்துக் காப்பாற்றப்படுவது முதலாளியின் ஆசை. தொழிலாளிக்குக் கிடைத்திருப்பது பேய் வேடம்.

சரி, நாமாவது அவர்களை நினைக்கிறோமா? 'தமிழன் கட்டினான்' என்கிறோமே, எந்தத் தமிழன்? தோட்டக்காட்டுக்குக் கப்பலேறியவர்களில் பெரும்பகுதி பறையரும் பள்ளரும் மற்ற உழைக்கும் சாதியினரும்தான். காவிரிப் படுகையில் பண்ணையாளாகக் கிடந்து, பஞ்சத்துக்கும் சாணிப்பாலுக்கும் தப்பிப் போனவர்களும் அதில் உண்டு. இங்கே அவர்களை ஊருக்குள் விடாதவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அவர்கள் அடுக்கிய செங்கல்லைக் காட்டி 'நம்ம பெருமை' என்கிறார்கள். போன இடத்திலும் சாதி விடவில்லை. ஆள் பிடித்த கங்காணிகளில் பலர் ஆதிக்கச் சாதியினர். பல தோட்டங்களில் சாதி பார்த்துத்தான் லயம் பிரித்தார்கள். 1929 டிசம்பரில் பெரியார் மலாயா போனபோது அங்கேயும் சாதி ஒழிப்பைப் பேச வேண்டியிருந்தது.

யாருடைய பெயரைக் காப்பாற்றுவது என்பதில் எங்கள் ஊருக்குப் பழைய அனுபவம் ஒன்று உண்டு. திருமழபாடி வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, அதிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். ராஜேந்திரன் காலத்தில் அவற்றைத் திரும்பவும் கல்லில் வெட்டினார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் இவ்வளவு கவனம்! தானம் கொடுத்தவனின் பெயர் அழியக்கூடாது. கல் சுமந்தவனுக்கு அந்தக் கவலை யாரும் படவில்லை. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் 'தீண்டாச்சேரி' என்ற சொல் இருக்கிறது, வரி நீக்கிய நிலமாக. அங்கே குடியிருந்தவர்களுக்கு வரலாற்றில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

வேறு மாதிரியும் செய்யலாம். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை அடிமைகள்தான் கட்டினார்கள். 2020இல் அங்கே அவர்களுக்கு வட்டமாக ஒரு கல் நினைவிடம் எழுந்தது. சுமார் 4,000 பேருக்கும் சுவரில் இடம் உண்டு. பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயர். சிலருக்குத் தொழில் அல்லது உறவுமுறை. ஒன்றுமே தெரியாதவருக்குக் கல்லில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். ஆனால் 'சுமார்' என்று ஒதுக்கிவிட்டுப் போகவில்லை, ஆளுக்கு ஒரு வெட்டு.

பத்து காஜாவில் 70 வெட்டுகளுக்குச் சுவரா இல்லை? மலேசியத் தமிழ் அமைப்புகள் கேட்க வேண்டிய கோரிக்கை இது. பேய்க்கதையை நிறுத்தி, தொழிலாளர் பலகையை வையுங்கள். தோட்டத்துக் கணக்குப் புத்தகங்களையும் கப்பல் பதிவுகளையும் தேடுங்கள்.

இந்தப் பக்கம் நமக்கும் வேலை உண்டு. சீமைக்குப் போய்த் திரும்பாத பாட்டன்களின் கதை சேரிகளில் இன்னும் வாய்மொழியாக இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தை இன்றும் 'பினாங்கார் வீடு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த வீட்டுப் பாட்டிக்குத் தன் மாமனார் எந்த வருடம் கப்பலேறினார் என்று தெரியாது. அவரோடு போன நாலு பேரின் பெயரை மட்டும் தடங்கலில்லாமல் சொல்கிறார். நான் எழுதி வைத்துக்கொண்டேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பாட்டி இருப்பார். ரீல் எடுக்கும் அதே போனில் ரெக்கார்டரும் இருக்கிறது.