சில்வண்டு கத்தும்போது... (அல்லது) 'தொடரும்' போட்டவன் கடமை

போன வாரம் ஒரு நண்பர் சாட்ல வந்து, "ஓய், அந்தக் கிணத்தடிக் கதையில கொலை பண்ணது யாருய்யா?"ன்னு கேட்டார். மூணு பகுதி எழுதி, கீழ 'தொடரும்' போட்டு, அப்படியே காத்துல விட்ட என் தொடர்கதையைத்தான் கேக்கறார். கொலை பண்ணது யாருன்னு எனக்கே தெரியாதுங்கிறதை அவர்கிட்ட எப்படிச் சொல்ல? "ஆணி அதிகம்ணே"ன்னு சொல்லித் தப்பிச்சேன். அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் இந்தப் பதிவு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

'ஹிகுராஷி நோ நாகு கோரோ நி'ன்னு ஒரு ஜப்பானிய கம்ப்யூட்டர் விளையாட்டு. தமிழ்ல கிட்டத்தட்ட 'சில்வண்டு கத்தும்போது'. சாயங்காலம் கத்துற ஒரு வகைச் சில்வண்டுக்கு அங்க ஹிகுராஷின்னு பேரு. விளையாட்டுன்னதும் துப்பாக்கி, கார்னு நினைச்சுடாதீங்க. இது விஷுவல் நாவல் வகை. பின்னாடி ஒரு படம், முன்னாடி கதாபாத்திரம், மேல வரிவரியா எழுத்து, கூடவே இசை. சொடுக்கிச் சொடுக்கிப் படிக்கணும். பொதுவா இந்த வகையில அங்கங்க "இப்ப என்ன செய்யப்போறே?"ன்னு ரெண்டு மூணு வழி காட்டுவாங்க. நாம எதைத் தொடுறோமோ கதை அந்தப் பக்கம் போகும். இதுல அதுவும் கிடையாது!

"அப்ப இது எப்படிய்யா விளையாட்டு?"ன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன்.

கதை 1983 ஜூன் மாசம் நடக்குது. ஹினாமிசாவான்னு ஒரு மலைக்கிராமம். ஊர் கற்பனை, ஆனா அதுக்கு மாதிரி கிஃபு மாகாணத்துல இருக்கிற ஷிரகாவாகோ. அணை கட்ட அரசாங்கம் வந்தது, ஊரே சேர்ந்து தடுத்தது. அதுலேர்ந்து வருஷாவருஷம் கோயில் திருவிழா ராத்திரியில ஒருத்தர் சாகறார், ஒருத்தர் காணாமப் போறார். சாமி குத்தமா, மனுஷன் வேலையா? பட்டணத்துலேர்ந்து புதுசா குடிவந்த கேய்ச்சிங்கிற பையனுக்கு, கூடச் சிரிச்சு விளையாடுற சிநேகிதங்க மேலயே சந்தேகம் வருது. அப்புறம் நடக்கிறதைச் சொன்னா நீங்க என்னை அடிக்க வருவீங்க.

மொத்தம் எட்டு பகுதி. பெரும்பாலானதுல அதே ஜூன் மாசம் வேற மாதிரி நடக்கும். முதல் நாலும் கேள்வி, அடுத்த நாலும் பதில். ஒரு பகுதி முடிஞ்சதும் செத்தவங்க இருக்கவங்க எல்லாரும் கதையை விட்டு வெளிய வந்து, வட்டமா உக்காந்து, "யாருப்பா கொலைகாரன்?"னு அவங்களே விவாதம் பண்ணுவாங்க. ஆக, விளையாட்டு திரையில இல்லை. படிக்கிறவன் மண்டையில.

இதை எப்படி வெளியிட்டாங்கங்கிறதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். டோக்கியோவுல ஆகஸ்ட்லயும் டிசம்பர் கடைசியிலயும் காமிக்கெட்னு ஒரு சந்தை. சொந்தக் காசுல போட்ட புத்தகம், படக்கதை, விளையாட்டு எல்லாத்தையும் ஒரு மேஜையில பரப்பி அவங்கவங்களே விப்பாங்க. முதல் பகுதி 2002 ஆகஸ்ட் சந்தைக்கு வந்தது. அந்த டிசம்பர்ல ரெண்டாவது, 2003 ஆகஸ்ட்ல மூணாவது. அடுத்த குளிர்காலச் சந்தைக்கு வரலை. நாலாவதுக்கு ஒரு வருஷம் காக்க வச்சாங்க. வந்த பகுதியோட பேரு ஹிமாத்சுபுஷி, அதாவது 'பொழுதுபோக்கு'. குசும்பைப் பாருங்க. அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்கு ஒண்ணுன்னு தவறாம வந்து, எட்டாவது 2006 ஆகஸ்ட்ல முடிஞ்சது. நாலு வருஷம்!

செஞ்சது '07த் எக்ஸ்பான்ஷன்'ங்கிற சின்னக் குழு. எழுதினவர் புனைபெயர் ரியூகிஷி07. அரசாங்க வேலை பார்த்துக்கிட்டே எழுதினவர். நம்ம பாஷையில சொன்னா, பகல்ல ஆணி, ராத்திரி கொலை. கதையோட விதையே முன்னாடி எழுதி மேடையேறாமப் போன ஒரு நாடகம். படமும் அவரே வரைஞ்சார். கதாபாத்திரங்களோட கையைப் பாருங்க, கொழுக்கட்டை பிடிச்சு வச்ச மாதிரி இருக்கும். பின்னணி எல்லாம் கேமராவுல எடுத்த போட்டோவைக் கொஞ்சம் மாத்தினது. குரல் கிடையாது. இயக்கினது அமெச்சூர் ஆளுங்க பலரும் பயன்படுத்தின 'என்ஸ்கிரிப்டர்'ங்கிற மென்பொருள்.

இத்தனை ஓட்டையோட ஏன் இப்படிப் பிடிச்சு ஆட்டுது? என் கட்சி இதுதான்: இந்த ஆள் கேள்வி கேக்கும்போதே பதிலைத் தெரிஞ்சு வச்சிருந்தார். அஞ்சாவது பகுதியில பதில் வர ஆரம்பிச்சதும், ரெண்டு வருஷம் முன்னாடி சாதாரணமாப் படிச்சுத் தாண்டின ஒரு வசனம் திரும்பி வந்து கன்னத்துல அறையும். நாம பதிவுல பண்ணின தப்பை ராத்திரியோட ராத்திரியாத் திருத்திட்டு, "நான் முதல்லேயே சொன்னேனே"ங்கலாம். சந்தையில வித்த குறுந்தகட்டை வீடு வீடாப் போய்த் திருத்த முடியுமா? அடுத்த பகுதிக்கு நடுவுல படிக்கிறவன் ஆறு மாசம் துருவித் துருவி யோசிப்பான். சரியா ஊகிச்சுட்டானேன்னு கதையை மாத்தினா மாட்டிக்குவோம். அந்தத் தைரியத்தைத்தான் நான் மெச்சறேன்.

குறை இல்லாம இல்லை. முதல் ரெண்டு மூணு மணி நேரம் பள்ளிக்கூடக் கலாட்டாவும் கடி ஜோக்குமா இழுக்கும். பாதிப்பேர் அங்கேயே ஓடிடுவாங்க. ஆனா அந்தச் சிரிப்பு இல்லைன்னா அப்புறம் வர்ற பயம் நிக்காது. 'கானன்', 'ஏர்' மாதிரி முதல்ல சிரிக்க வச்சு அப்புறம் அழ வைக்கிற விளையாட்டுகளைப் பார்த்து அவர் கத்துக்கிட்ட வித்தை அது. பதில்கள் சுத்தமான துப்பறியும் கதைக்கு நியாயமா இல்லைன்னு ஒரு குற்றச்சாட்டும் உண்டு. ஒத்துக்கறேன். ஆனா எனக்கு இது 'யார்' கதையே இல்லை. சந்தேகத்தை மனசுக்குள்ளயே பூட்டி வைக்காம, பக்கத்துல இருக்கிறவன்கிட்ட வாய்விட்டுக் கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்ங்கிற கதை. வழி தேர்ந்தெடுக்கிற பொத்தான் இல்லாததும் அதனாலதான். அந்தப் பையனை நிறுத்த நம்மால முடியாது. பார்த்துப் பதைக்கத்தான் முடியும்.

2007ல பிளேஸ்டேஷன் 2க்கு வந்தப்ப அழகான படம், குரல், தேர்ந்தெடுக்க வழிகள் எல்லாம் சேர்த்தாங்க. 2015லேர்ந்து ஸ்டீம்ல வந்த ஆங்கிலப் பதிப்புல பழைய படம், புதுப் படம் ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்க்கலாம். நான் கொழுக்கட்டைக் கைக்குத்தான் திரும்பினேன். ஒரு மனுஷன் ராத்திரி கண்முழிச்சு வரைஞ்ச கை அது.

நமக்கு நேரமில்லை, கருவி இல்லை, வரையத் தெரியலைன்னு எத்தனை சாக்கு! அதெல்லாம் படிக்கிறவன் மன்னிச்சுடுவான். 'தொடரும்'னு எழுதிட்டு முடிவே தெரியாம உக்காந்திருந்தா மன்னிக்க மாட்டான், மன்னிக்கவும் கூடாது.

கிணத்தடிக் கதைக்கு நேத்து ராத்திரி ஒரு காகிதத்துல முடிவு எழுதி மேஜை இழுப்பறையில வச்சுட்டேன். நாலாவது பகுதி வரும். நண்பரே, கொலைகாரன் யாருன்னு இப்ப எனக்குத் தெரியும். சொல்லத்தான் மாட்டேன்.

டிஸ்கி: ரத்தம், கோடாலி எல்லாம் தாராளமா உண்டு. குழந்தைங்க பக்கத்துல இருக்கும்போது வேண்டாம். படிச்சு முடிச்சவங்க தயவுசெஞ்சு முடிவை உடைச்சுடாதீங்க சாமி!