யானையும் தீனியும்

எங்கள் இனயத்தில் ஒருவர் புது வள்ளம் வாங்கினால், பெரியவர்கள் விலையோடு நிற்பதில்லை, “எஞ்சின் எவ்வளவு எண்ணெய் குடிக்கும்?” என்றும் கேட்பார்கள். போர் விமானம் என்றதும் நாம் அக்கேள்வியை மறந்துவிடுகிறோம்!

சூலூருக்கு 2018இல் வந்த தேஜஸ், வெற்று எடையில் ஏறத்தாழ 6,500 கிலோ, ஓர் எஞ்சின். தஞ்சையில் 2020இல் அணிசேர்ந்த சுகோய்-30, ஏறத்தாழ 18,000 கிலோ; இரண்டு எஞ்சின். எரிபொருளும் ஆயுதமும் முழுதாய் ஏற்றினால் இரண்டுமே இருமடங்கு கனக்கும். எடை ஏற ஏற எரிபொருளும் பராமரிப்பும் ஏறும். அமெரிக்கத் தணிக்கைத் துறையின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி, எஃப்-35 விமானங்களை வாழ்நாளெல்லாம் பேணும் செலவு, வாங்கும் செலவைப்போல் மும்மடங்குக்கும் மேல்.

கனத்த விமானம் வேண்டாம் என்பதன்று என் வாதம். நெடுங்கடல் காக்க அதுவும் வேண்டும். ஆனால், நண்பர்களே, யானை வாங்குமுன் தீனிக்கணக்குக் கேட்பது குற்றமன்று. வரி கொடுக்கும் குடிமகனின் கடமை!