பண்டிகைப் பலகாரமும் உடல் எடையும்

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லைக் கிராமங்களில் பண்டிகைக் காலம் சில நாட்களில் முடிந்துவிடுவதன்று. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆயினும் அந்த எல்லைக்கோடு அடுப்பங்கரைகளைப் பிரிக்கவில்லை. ஆவணியில் ஓணம், ஐப்பசியில் தீபாவளி, மார்கழியில் கிறிஸ்துமஸ், தை முதல் நாள் பொங்கல் என ஐந்து மாத காலம் பலகாரம் வீட்டுக்கு வீடு சென்றுகொண்டே இருக்கிறது. ஒரு வீட்டார் இவற்றுள் ஒன்றையே கொண்டாடினாலும், அண்டை வீட்டுப் பங்கு வந்து சேராமல் இராது.

இவ்வழக்கம் வேரூன்றிய காலத்தில் அதனால் தீங்கு விளைந்ததில்லை. ஆண்டின் பெரும்பகுதி அரை வயிற்றோடு உழைத்த குடும்பத்துக்கு ஓண விருந்து உண்மையில் ஓர் ஊட்டமாகவே இருந்தது. 1942-இல் பர்மா அரிசியின் வரவு நின்றபின், திருவிதாங்கூர் ஏழை மக்கள் பலரின் பசியாற்றியது மரச்சீனிக் கிழங்கே. இன்று நிலை முற்றிலும் வேறு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கேரளத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 38 பேரும் ஆண்களில் 36 பேரும் மிகை எடை உடையவர்கள். தமிழ்நாட்டின் கணக்கு இதனினும் சற்று அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, கேரளத்தில் வயது வந்தோருள் நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு எனக் காட்டியது. நாடு முழுவதற்குமான சராசரி நூற்றுக்குப் பதினொன்றே.

இதைக் கண்டு விருந்தையே பழிப்பது எளிது. ஆனால் அது சரியன்று. வாழையிலையில் பரிமாறப்படும் ஓண உணவில் அவியல், ஓலன், தோரன், மோர் ஆகியன நல்ல உணவுகளே. ஒரு நாள் ஒருவர் இரண்டு கரண்டிப் பாயசம் மிகையாக உண்பதால் அவர் உடல் பருத்துவிடாது. கவனிக்க வேண்டியது இலையை அன்று, அலமாரியிலுள்ள தகர டப்பாவை. ஏத்தங்காய் வற்றல், சர்க்கரை வரட்டி, முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு ஆகியன வாரக்கணக்கில் கெடாதிருப்பவை. விருந்து முடிந்த பின்னரும் மாலைத் தேநீருடன் இவை நாள்தோறும் கைக்கு வருகின்றன. எண்ணெயில் பொரித்த வற்றல் 100 கிராமில் ஏறத்தாழ 500 கலோரி உண்டு. அதே எடையுள்ள ஏத்தம்பழத்தில் இதில் கால் பங்களவே இருக்கும். 25 கிராம் என்பது ஒரு சிறு பிடி. வழக்கமான உணவுக்கு மேல் அதை 60 நாள் உண்டால் சேர்வது 7,500 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் அடங்கியதும் ஏறத்தாழ அவ்வளவே.

இவ்வாறு சேரும் எடை பண்டிகைக்குப் பின் தானே குறைந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் 195 பேரை எடையிட்டு 2000-இல் வெளியிட்ட முடிவு இதற்கு மாறானது. ஆண்டிறுதி விடுமுறை வாரங்களில் சராசரியாகக் கூடியது 370 கிராம் மட்டுமே. ஆனால் அது பின்னர்க் குறையவில்லை. சிறிது சிறிதாகக் கூடுவதால்தான் எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அங்கே அது ஆறு வாரப் பருவம். இங்கோ ஐந்து மாதம் என்பது மறக்கத் தக்கதன்று.

கிராமங்களில் பேசச் செல்வோர் சொல் வழக்கையும் கவனித்தல் நலம். இப்பகுதியில் வெள்ளைச் சர்க்கரையைச் 'சீனி' என்பர். மலையாளத்தில் 'சர்க்கரை' என்பது வெல்லத்தையே குறிக்கும். ஆகவே 'சர்க்கரையைக் குறையுங்கள்' என்ற அறிவுரை வெல்லத்தை மட்டும் சுட்டியதாகக் கொள்ளப்பட இடமுண்டு. இதற்கு நேர்மாறாக, வெல்லமும் கருப்பட்டியும் எவ்வளவு உண்டாலும் கேடில்லை என்று எண்ணுவோரும் பலர். கலோரி அளவில் இவற்றுக்கும் சீனிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரத்தத்தில் சர்க்கரையை இவையும் ஏற்றவே செய்யும். பாயசம் உண்ட அன்று தாமாகவே ஒரு மாத்திரையைக் கூட்டி விழுங்கும் நீரிழிவு நோயாளரை ஊழியர்கள் உறுதியாகத் தடுக்க வேண்டும். சிலவகை மாத்திரைகளால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் நேரலாம்.

குழந்தைகள் விஷயத்தில் ஆசிரியர்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. மேற்கூறிய 2019-21 ஆய்வின்படியே, கேரளத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 20 குழந்தைகள் வயதுக்கேற்ற எடையின்றி உள்ளனர். பருத்த பாட்டியும் மெலிந்த பேரனும் ஒரே வீட்டில் இருக்கக் கூடும். பாட்டிக்குரிய அறிவுரையைப் பேரனுக்குக் கூறி, வளரும் பிள்ளையை உணவுக்கு அஞ்சச் செய்வது பெரும் தவறு. வகுப்பில் ஒரு பிள்ளையின் உருவத்தைக் காட்டிப் பேசுவது அதனினும் தவறு.

செய்யத் தக்கது யாது? இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 272 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், விடுமுறைக் காலத்தில் தம்மைத் தாமே அடிக்கடி எடையிட்டு, ஒவ்வொரு பலகாரத்துக்கும் எவ்வளவு நடக்க வேண்டும் என்று அறிந்திருந்தவர்கள், ஏனையோரைவிட ஏறத்தாழ அரைக் கிலோ குறைவாக இருந்தனர். 50 கிராம் வற்றலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர நடை என்று சொன்னால், கலோரிக் கணக்கு அறியாதவருக்கும் விளங்கும். பலகாரத்தைக் குறைத்துச் சுடுவதும், வந்த பங்கை அன்றே பலருக்குப் பகிர்ந்து டப்பாவைக் காலியாக்குவதும் எவருக்கும் மனக்குறை தராதவை. ஓணத்துக்கு முன்னும் ஒவ்வொரு பண்டிகைக்குப் பின்னும் பெரியோரின் எடையைச் சுகாதார உபநிலையத்தில் குறித்துவைக்கலாம். எடைக்கருவி அருகில் இல்லாவிடில் தையற்காரரின் அளவு நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால், அவரை இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.