கண்ணாடிப் பாவாடையைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாம்

“உங்க மாவட்டத்துல என்ன தொழில்?” என்று வெளியூர்க்காரர் கேட்டால் தருமபுரிக்காரர்களான நம்மிடம் ஒரு பதில் எப்போதும் தயார். தக்காளிக்குப் பாலக்கோடு, வெல்லத்துக்குக் கடத்தூர், பட்டுக்கூட்டுக்குத் தருமபுரி டவுன் என்று அடுக்குவோம். நல்லம்பள்ளிப் பக்கம் சிப்காட் வருகிறது என்போம். அதற்குமேல் சொல்ல ஒன்றும் தோன்றாமல், “மத்தபடி பின்தங்கின மாவட்டம்தாங்க” என்று முடித்துக்கொள்வோம். இந்தக் கடைசி வாக்கியம் நமக்கு ரொம்ப வசதி. மானியம் கேட்கும்போது உதவும். பையன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதற்குக் காரணம் சொல்லவும் உதவும். நம் கண்ணெதிரே இருந்த ஒரு தொழிலை நாமே கெடுத்தோம் என்பதை மறைக்கவும் அதுதான் உதவியிருக்கிறது.

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகக் காட்டுக்குள் போகிற சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போனால் சிட்டிலிங்கி. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் கிடக்கிற பள்ளத்தாக்கு. ஊர்களில் பெரும்பாலானவை மலையாளிப் பழங்குடியினருடையவை. அவற்றுக்கு நடுவே இரண்டு லம்பாடித் தாண்டாக்கள். அந்தத் தாண்டாப் பெண்கள் 2006 வாக்கில் ‘போர்கை’ என்ற பெயரில் ஒன்றுகூடித் தங்கள் பாட்டிமாரின் தையலை மறுபடி எடுத்தார்கள். இன்று 60 பெண்கள் வரை அதில் இருக்கிறார்கள். குர்தா, புடவை, பை, மெத்தை உறை என்று அவர்கள் கை பட்ட துணி சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறது. தருமபுரி டவுனில் பத்துப் பேரிடம் போர்கை என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ மருந்துப் பெயர் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

லம்பாடிகள் யார் என்பதே நமக்குச் சரியாகத் தெரியாது. சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் பார்த்த முகங்கள், அவ்வளவுதான். தொழில்முனைவோர் பயிற்சி என்று மண்டபம் பிடித்து, சான்றிதழும் மதியச் சாப்பாடும் கொடுத்து நாம் நடத்துகிறோமே, அந்த வகுப்பை எடுக்கத் தகுதியுள்ள வம்சம் அது. பொதி மாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றித் தக்காணம் முழுக்க வணிகம் செய்த பஞ்சாராக்கள் அவர்கள். இரு தரப்புப் படைகளுக்கும் தானியம் விற்றுவிட்டு இரண்டுக்கும் நடுவே பத்திரமாக நடந்துபோன கூட்டம். 1791-92இல் திப்புவை எதிர்த்துச் சீரங்கப்பட்டணத்துக்குப் போன காரன்வாலிஸ் படைக்குச் சோறு போட்டதில் பெரும்பங்கு அவர்களுடைய மாடுகளுக்கு உண்டு. அந்தப் போரின் முடிவில்தான் நம்முடைய பாரமகால் கும்பினியின் கைக்குப் போனது. பிறகு சாலை வந்தது, ரயில் வந்தது, பொதி மாட்டுக்கு வேலை போனது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிச் சட்டம் பல மாகாணங்களில் பஞ்சாராக்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியலில் சேர்த்தது. வியாபாரிகளின் பேரப்பிள்ளைகள் மலையோரத்தில் குடிசை போட்டுக் கூலிக்குப் போனார்கள். இது வெள்ளைக்காரன் கணக்கு. இதற்கடுத்தது நம் கணக்கு.

பேட்டியா என்கிற பாவாடை, காஞ்சளி என்கிற ரவிக்கை, தலையில் முக்காடு. மூன்றிலும் நூலை எண்ணி எண்ணிப் போட்ட கட்டங்கள், முக்கோணங்கள். நடுவில் வட்டக் கண்ணாடி, ஓரத்தில் சோழி, சில இடங்களில் காசு. துணியில் ஓட்டை போடாமல் ஒரு கண்ணாடித் துண்டை நூலாலேயே சுற்றிக் கட்டி நிறுத்துவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தையல் தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு உடுப்புக்கு மாதக்கணக்கில் ஆகும். காட்டு வேலையும் கூலி வேலையும் முடித்துவிட்டு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெண் கற்றுக்கொண்ட வேலை அது. வடிவத்தை வரைந்துகொள்கிற வழக்கம் கிடையாது. எல்லாம் மனக்கணக்கு.

அந்த உடுப்போடு அவர்கள் அரூர் வந்தபோது நாம் சிரித்தோம். பேருந்தில் பக்கத்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டு வந்தோம். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நம் குழந்தைகளைப் பயமுறுத்திச் சோறு ஊட்டினோம். கூத்து மேடையில் கோமாளி அவர்கள் பேச்சைக் கேலி செய்தபோது கைதட்டினோம். பள்ளிக்கூடத்தில் அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைத்தது நம் பிள்ளைகள். கேட்டுவிட்டுக் கேட்காததுபோல் இருந்தது நம் ஆசிரியர்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பார்கள்? ஒரு தலைமுறைக்குள் பேட்டியா பெட்டிக்குள் போனது. எல்லோரும் நைலக்ஸ் புடவைக்கு மாறினார்கள். “இப்பல்லாம் நல்லா திருந்திட்டாங்க” என்று நாம் பெருமூச்சு விட்டோம். திருந்திவிட்டார்களாம்! பழைய துணிகளை வாங்க நாடெங்கும் பஞ்சாராத் தாண்டாக்களுக்கு வியாபாரிகள் வந்தார்கள். நல்ல உருப்படிகள் வெளிநாட்டுச் சேகரிப்புகளில் போய்ச் சேர்ந்தன. உடுத்த வெட்கப்பட்டதை விற்பதற்கு யாருக்கும் மனத்தடை இருக்காது. அந்த வெட்கத்தைக் கொடுத்தது நாம்.

மறுபடியும் தையலைத் தொடங்கலாம் என்று சிட்டிலிங்கியில் தேடிப் பார்த்தபோது, அது கைவசம் இருந்தது இரண்டு மூதாட்டிகளிடம் மட்டும்தான். அவர்களும் கண் மூடியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

இதற்கு நடுவில் அதே பள்ளத்தாக்கிலிருந்து இளசுகள் திருப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மானாவாரிக் காடு கைவிட்டது. உரக்கடையிலும் வட்டிக்கடையிலும் பாக்கி ஏறியது. மூட்டையைக் கட்டிக்கொண்டு பனியன் கம்பெனி. பிசிறு வெட்டுவது, பொத்தான் வைப்பது, ஷிப்டுக்குக் கூலி. ஊசி பிடித்த பரம்பரையை ஊசி வேலைக்கே கூலியாக அனுப்பிவைத்துவிட்டு, வேலைவாய்ப்பு பெருகியிருக்கிறது என்று நாம் புள்ளிவிவரம் எழுதினோம்.

தேடிப் பார்த்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். நம்மில் ஒருவர்கூட இல்லை. கேரளத்தில் மருத்துவம் படித்த ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற தம்பதியினர் 1993இல் அங்கே ஓலைக்கூரைக்குக் கீழே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி அரூரில் நாம் இருந்தோம். நமக்குத் தெரியாதா? தெரியும். “மேல இருக்கிறவங்க அப்படித்தான்” என்பது நம் விளக்கம். மருத்துவமனையிலிருந்து பேச்சு விவசாயக் கடனுக்குப் போயிற்று. அங்கிருந்து இயற்கை வேளாண்மைச் சங்கத்துக்கும், சிறுதானிய மாவு அரைக்கும் பெண்கள் குழுவுக்கும், கடைசியில் இந்தத் தையலுக்கும் வந்தது.

அந்தத் தம்பதியைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதியிருக்கின்றன. தகுதியான பாராட்டுதான். ஆனால் நாம் எழுதிய விதத்தைக் கொஞ்சம் திருப்பிப் படிக்கலாம். டாக்டர் அம்மா வந்தார், மலைமக்கள் வாழ்வில் ஒளி ஏற்றினார் என்று நீளும் அவற்றில் தையல்காரப் பெண்கள் புகைப்படத்துக்குக் கீழே ‘பயனாளிகள்’. கையில் சரக்கு இருந்தது அவர்களிடம், வேலை செய்தது அவர்கள், வரவு செலவுக் கணக்கைக் கற்றுக்கொண்டு சங்கத்தை நடத்துவதும் அவர்கள். கோவையில் ஒருவர் மோட்டார் பம்பு கம்பெனி வைத்தால் அவர் தொழிலதிபர். மலையடிவாரத்தில் 60 பேர் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்தினால் அது தொண்டு. இந்த அகராதியை நமக்கு யாரும் திணிக்கவில்லை, நாமே எழுதி வைத்துக்கொண்டதுதான்.

பக்கத்து மாநிலத்தைப் பார்த்தாவது கற்றிருக்கலாம். பல்லாரிப் பக்கம் சண்டூரில் இதே சமூகத்துப் பெண்களின் தையலுக்குப் புவிசார் குறியீடு வாங்கிக்கொடுத்திருக்கிறார்கள். 2023இல் ஹம்பியில் ஜி-20 கூட்டம் நடந்தபோது, 450க்கு மேற்பட்ட லம்பாணிப் பெண்கள் செய்த 1,755 உருப்படிகளை ஒரே இடத்தில் காட்சிக்கு வைத்து கின்னஸ் ஏட்டில் பதிந்தார்கள். கின்னஸ் ஒரு வித்தை என்று ஒதுக்கினாலும், ஒரு மாநிலம் இது எங்கள் சரக்கு என்று உலகத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டது உண்மை. நாம் என்ன சொன்னோம்? அதியமான் எங்கள் ஊர் என்றோம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது எங்கள் மண் என்றோம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கொடையைச் சொல்லிப் பெருமைப்படுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை பாருங்கள். இன்னொன்று: இந்த மக்கள் தெலங்கானாவில் பழங்குடியினர், கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர். எது சரி என்று வாதிட இது இடமில்லை. நம்மூரில் இருக்கும் ஒரு சமூகம் எல்லை தாண்டினால் வேறு பட்டியலில் இருக்கிறது என்பதுகூட நம் காதில் விழுந்ததில்லை என்பதே இங்கே விஷயம்.

தையலில் மட்டும்தான் நாம் இப்படி நடந்துகொண்டோமா? சோற்றிலும் இதே கதைதான். களி தின்று வளர்ந்த மாவட்டம் இது. கேழ்வரகும் சாமையும் தினையும் நம் புழுதிக் காடுகளுக்குப் பொருந்திய பயிர்கள். மழை ஏமாற்றினாலும் ஒரு வாய்க்கு வழி செய்பவை. அரிசிச் சோறு வந்ததும் களியை ஒளித்து வைத்தோம். சம்பந்தி வீட்டார் வருகிற நாளில் களிக் குண்டானைப் பின்கட்டுக்கு நகர்த்திய வீடுகள் எத்தனை! களி கிண்டுகிற பெண்ணுக்கும் சாமை குத்துகிற பெண்ணுக்கும் கைத்திறன் உண்டு என்று நமக்குத் தோன்றவே இல்லை. சர்க்கரை வியாதி வந்து மருத்துவர் சொன்ன பிறகு அதே சாமையை, ‘மில்லட்’ என்று பளபளப்பாக அச்சடித்த பொட்டலத்தில், சூப்பர் மார்க்கெட்டில் வாங்குகிறோம். அப்போதும் சிட்டிலிங்கிப் பெண்கள் அரைத்த மாவு இருக்கிறதா என்று தேடியதில்லை. 2023இல் அரசு, ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை நீலகிரியிலும் தருமபுரியிலும்தான் முதலில் தொடங்கியது. நம் உணவை நமக்கே அரசாணை போட்டுத் திருப்பித் தர வேண்டியிருந்தது.

மலையோர மக்களின் பிழைப்பு பற்றிப் பேசும்போது வாச்சாத்தியைத் தாண்டிப் போக முடியாது. தாண்டிப் போய்த்தான் நமக்குப் பழக்கம், அதனால் நின்றே ஆக வேண்டும். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சித்தேரி மலையடிவாரத்து ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, கிணறு கெடுக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011இல் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்தது. பழங்குடியினர் சங்கமும் இடதுசாரிகளும் வழக்கைத் தூக்கிச் சுமந்த அந்த ஆண்டுகளில், அரூரிலும் தருமபுரியிலும் கடை நடத்திய, வேலை பார்த்த நம்மில் பெரும்பாலோர் என்ன பேசினோம்? “கட்டை கடத்தினாங்க, பட்டாங்க.” வெட்டியவனுக்குக் கூலி, கொள்முதல் செய்து வெளியே அனுப்பியவனுக்கு லாபம். அந்த லாபக்காரர்கள் மலையில் குடியிருக்கவில்லை. அவர்களை நாம் ‘பெரிய மனுஷர்’ என்று அழைத்தோம்.

உயர்நீதிமன்றத் தீர்ப்பில் ஒரு வரி இழப்பீட்டுத் தொகையைவிட அதிகம் உறுத்துகிறது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கோ அவர்கள் குடும்பத்தாருக்கோ நிரந்தர வேலையோ சுயதொழிலோ ஏற்படுத்தித் தர வேண்டும் என்றும், அந்த ஊரின் வாழ்வாதாரத்தை மேம்படுத்த வேண்டும் என்றும் அரசுக்கு உத்தரவு. ஒரு கிராமத்துக்குப் பிழைப்பு வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் கழித்து நீதிபதி சொல்ல வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த மக்களின் புளியையும் கடுக்காயையும் பலாப்பழத்தையும் நாம் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டுதான் இருந்தோம்.

விலை என்றதும் ஆரி வேலை நினைவுக்கு வருகிறது. இன்று தருமபுரியில் கல்யாணம் என்றால் பெண்ணுக்கு ஆரி போட்ட ரவிக்கை இல்லாமல் நடக்காது. கூலியே ஆயிரக்கணக்கில், அதைப் பேரம் பேசுவது கௌரவக் குறைச்சல். டவுனில் தெருவுக்குத் தெரு ஆரி வகுப்புப் பலகை தொங்குகிறது. பயிற்சித் திட்டங்களிலும் ஆரி இருக்கிறது, சான்றிதழும் உண்டு. நல்லதுதான், எத்தனையோ பெண்கள் அதில் சம்பாதிக்கிறார்கள். ஆனால் கண்காட்சியில் எங்காவது போர்கை துணியைக் கையில் எடுத்தால் நம் வாயில் முதலில் வருவது, “இந்தத் துணிக்கா இவ்ளோ விலை?” கையால் நாள்கணக்கில் தைத்ததை, சூரத்திலிருந்து வருகிற மெஷின் கண்ணாடி வேலையோடு ஒப்பிட்டுப் பாதி விலைக்குக் கேட்கிறோம். கொடுக்க மாட்டேன் என்று அந்தப் பெண் சொன்னால், திமிர் என்கிறோம். ஆரி சொல்லித்தர அத்தனை வகுப்பு நடக்கிற ஊரில், இந்த மாவட்டத்துப் பெண்களே காப்பாற்றி வைத்திருக்கிற தையலை வந்து சொல்லிக்கொடுங்கள், ஆசிரியருக்கு உண்டான சம்பளம் தருகிறோம் என்று ஒரு பள்ளியோ கல்லூரியோ மகளிர் குழுவோ தாண்டாவுக்கு ஆள் அனுப்பியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. நாமும் அனுப்பச் சொல்லவில்லை.