நிலம் அரசுடையது, கூலி எவர் பொறுப்பு?

ஒரு வேலையைத் தானே நின்று செய்விப்பவனுக்கு உரிய கடமை, அதனைப் பிறரிடம் ஒப்படைத்துச் செய்விக்கும்போது நீங்கிவிடுமா? இவ்வினா சட்ட அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் கொழுந்து பறித்தும் இறப்பர்ப் பால் வெட்டியும் வாழ்கின்ற தோட்ட மக்களின் அன்றாட உணவு, இதற்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தே இருக்கின்றது.

அத்தோட்டங்களின் நிலம் யாருடையது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு உச்சவரம்பு விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. அரசுக் கூட்டுத்தாபனங்கள் அவற்றை நடத்தி வந்தன. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறிற்று. பின்னர் 53 ஆண்டுக் குத்தகையாகவும் அது உறுதி பெற்றது. பலாங்கொடை, காவத்தை, கேகாலை என்னும் ஊர்ப்பெயர்களையே தாங்கிய கம்பனிகளும் அவற்றுள் அடங்கும். கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டன, மண் விற்கப்படவில்லை. குத்தகைப் பணம் அரசுக்கே செல்கின்றது. ஆகவே ஒவ்வொரு தோட்டமும் அரசு செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தின் மேல் நிற்கின்றது என்றால் மிகையாகாது. நான் வலியுறுத்த விரும்பும் உண்மை இதுவே.

தோட்டக் கூலிக்குச் சட்டம் எல்லை வகுத்த வரலாறு பழையது. இந்தியத் தொழிலாளர்க்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் பிறந்தது. 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். தாழ்நிலத்தில் ஆணுக்கு 50, பெண்ணுக்கு 40. மலையிலிருந்து இறங்க இறங்கக் கூலியும் இறங்கிற்று. சப்ரகமுவத் தோட்டங்களிற் பல அந்தத் தாழ்ந்த படிகளிலேயே நின்றன. 1941இன் சட்டம் சம்பளச் சபைகளைத் தோற்றுவித்தது. பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் கிடைக்கவோ, 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

அண்மைக் கால வரலாற்றைப் பாருங்கள். கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் செய்து சம்பளத்தை நிர்ணயித்து வந்தன. 2019 ஜனவரியில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. தொழிலாளர் கேட்ட 1,000 ரூபா, 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் வழியாக வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. 2024 மேயில் 1,700 ரூபா அறிவிக்கப்பட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபாவில் வந்து நின்றது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், 2026 ஜனவரி முதல் கம்பனிகள் 1,550 ரூபா கொடுக்க, வருகைக்கான ஊக்குவிப்பாக 200 ரூபாவைத் திறைசேரி சேர்த்து, 1,750 ஆக்க முன்மொழிந்தது.

தொகை ஏறியிருக்கின்றது, மறுக்கவில்லை. ஆயினும் அது வந்த வழியை நோக்குங்கள். மேதின மேடையில் ஒரு வாக்குறுதி. வர்த்தமானியில் ஓர் அறிவிப்பு. நீதிமன்றத்தில் ஒரு தடை. மீண்டும் ஒரு வாக்குறுதி. உரிமை என்பது ஒவ்வொரு முறையும் இரந்து பெறும் பொருளாகவே இருந்துவிட்டது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான் என்பார்கள். நாட்சம்பளம் உயரும்போது, பறிக்க வேண்டிய கிலோவும் உயர்கின்றது. காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று மலையேறியவள், குறித்த நிறை சேராவிடில் மாலையில் அரைப்பேருடன் திரும்புகின்றாள். இறப்பர் மலையிலோ மழையே பகை. இரத்தினபுரி மழைக்குப் பேர்போன நாடு; பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை; வெட்டில்லாத நாளிற் பேருமில்லை. வருகைக்கென அரசு தரும் 200 ரூபாவும் வேலை கிடைத்த நாளுக்கே உரியது. மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதை வகுக்காமல் ஒரு நாளின் கூலியை மட்டும் வகுப்பது, மரக்காலின் வாயை அளந்துவிட்டு ஆழத்தை அளக்காமல் விடுவதை ஒக்கும்.

பிற நாடுகள் இச்சிக்கலை எவ்வாறு நோக்கின? பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மக்கள் சபை, அரசின் ஒப்பந்தக்காரர் அவ்வத் தொழிலில் வழங்கும் நியாயக் கூலியைக் கொடுத்தாக வேண்டும் என்று 1891இலேயே தீர்மானித்தது. அதே ஆட்சியின் கீழிருந்த இலங்கைத் தோட்டத்தில் குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு சட்டம் பிறக்க மேலும் 36 ஆண்டுகள் சென்றன!

இந்தியாவிலே 1982இல் நிகழ்ந்தது நமக்கு இன்னும் அண்மையானது. தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களை அரசு ஒப்பந்தக்காரர்களிடம் விட்டிருந்தது. நாட்கூலி 9 ரூபா 25 காசு. நம் பழைய கங்காணிகளை ஒத்த ஜமேதார்கள் தலைக்கு ஒரு ரூபாவைப் பிடித்துக்கொண்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்றும், ஒப்பந்தக்காரரைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து விலக முடியாது என்றும் நீதியரசர் பகவதி தீர்ப்பளித்தார். வறுமையும் ஒரு வகை விலங்கே என்பதை ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது.

ஐக்கிய அமெரிக்கா வேறொரு பாடம் தருகின்றது. மத்திய அரசின் ஒப்பந்த வேலையாட்களுக்கு மணிக்கு 15 டொலர் என்று ஜனாதிபதி பைடன் 2021இல் ஓர் ஆணை பிறப்பித்தார். 2025 மார்ச்சில் அடுத்த ஜனாதிபதி அதனை நீக்கிவிட்டார். ஒரு கையெழுத்தால் வந்தது மற்றொரு கையெழுத்தால் போயிற்று.

கம்பனிகளுக்கும் ஒரு வாதம் உண்டு. உற்பத்திச் செலவிற் பெரும்பங்கு கூலியே என்றும், உழைப்பின் விளைவு உயராமற் கூலியை உயர்த்தினால் தோட்டம் நிலையாது என்றும் கூறுகின்றனர். இதனை எடுத்தெறிந்து பேசுதல் முறையன்று. ஆனால் அவ்வழக்கை உரைக்க வேண்டிய இடம் தொழிலாளியின் அடுப்படியன்று. நிலத்தை வைத்திருக்கும் அரசின் முன்னிலை. குத்தகைப் பணம் மிகையெனில் அதைக் குறைக்கக் கேட்கலாம். மறுநடுகைக்கு உதவி கேட்கலாம். குடைசாயும் வண்டியைத் தாங்கக் கடைசி மாட்டையே ஒவ்வொரு முறையும் முட்டுக்கொடுப்பது எவ்வகை நியாயம்?

ஆதலின் என் துணிபு இது: நாட்சம்பளமும், மாதத்திற் கிடைக்க வேண்டிய வேலைநாளும், தொழிற்சங்கத்தின் இசைவோடன்றிப் பறிநிறையை உயர்த்தலாகாது என்னும் விதியும், குத்தகைப் பத்திரத்தின் வாசகத்திலேயே இடம்பெற வேண்டும். அவற்றை மீறுதல் குத்தகையை மீறுதலாகக் கொள்ளப்பட வேண்டும். திறைசேரியின் பணமும் சம்பளத்தோடு சேரும் நிலை வந்தபின், அதனைக் கேட்க அரசுக்கு இருமடங்கு உரிமையும் உண்டு. இருமடங்கு கடமையும் உண்டு.

1992இலிருந்து எண்ணினால் இக்குத்தகைகள் 2045இல் முடிவுறும். இன்று தோட்டப் பாடசாலையில் அரிச்சுவடி படிக்கும் பிள்ளை அன்று இளமையின் நடுவில் நிற்கும். அந்தப் பிள்ளையின் கையில் கொழுந்துக் கூடை இருக்கலாம்; வேறு தொழிலும் இருக்கலாம். எதுவாயினும், அதன் கூலி மேடையிலிருந்து எறியப்படும் சலுகையாக அல்லாமல், பத்திரத்தில் எழுதப்பட்ட உரிமையாக இருத்தல் வேண்டும். ஆசிரியரும் மாணவரும் இதனைத் தோட்டத்தார் விவகாரமென ஒதுக்காமல், நாட்டின் நேர்மையைப் பற்றிய வினாவாகவே எடுத்துப் பேச வேண்டும்.