கீழ்ப்படுக்கை யாருக்கு?

சென்னையிலிருந்து தெற்கே போகும் இரவு ரயில்களில், இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கிய பெண்களை அடிக்கடி பார்க்கலாம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். வேலைக்காகச் சென்னையில் குடித்தனம் நடத்தும் நெல்லைப் பெண்ணுக்கும் மதுரைப் பெண்ணுக்கும் அந்தப் பயணம் பெரும்பாலும் ரயிலில்தான். பஸ் குலுக்கும், காரில் காலை நீட்ட முடியாது; ரயில் என்றால் கழிவறை இருக்கிறது, படுத்துக்கொண்டே போய்விடலாம் என்பது வீட்டுப் பெரியவர்களின் கணக்கு. கீழ்ப்படுக்கை கிடைத்தால் அந்தக் கணக்கு சரி. அப்பர் பெர்த் கிடைத்துவிட்டால்?

கணினி எனக்குக் கீழ்ப்படுக்கையைத் தாராளமாகத் தருகிறது. காரணம் என் வயது. மூத்த குடிமக்கள், 45 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்கள், கர்ப்பிணிகள் ஆகிய மூன்று தரப்புக்கும் சேர்த்து, ஸ்லீப்பர் பெட்டி ஒன்றுக்கு ஆறேழு கீழ்ப்படுக்கைகளை ரயில்வே ஒதுக்கி வைக்கிறது. மூன்றடுக்கு ஏசியில் நான்கைந்து, இரண்டடுக்கு ஏசியில் மூன்று நான்கு. பொதுக் கோட்டாவில் பதிவு செய்தாலும், இடம் இருந்தால், 45 தாண்டிய பெண்ணுக்குக் கணினி தானாகவே கீழ்ப்படுக்கையைப் போட்டுவிடும். ஆனால் இருபத்தேழு வயதில் ஏழு மாத வயிற்றோடு இருக்கும் பெண் கைபேசியில் டிக்கெட் எடுத்தால், அவள் பெயரும் வயதும் ஆணா பெண்ணா என்பதும்தான் கணினிக்குத் தெரியும். வயிற்றில் பிள்ளை இருப்பது தெரியாது. மருத்துவச் சான்றிதழோடு முன்பதிவு கவுண்டருக்கு நேரில் போனால்தான் கர்ப்பிணி என்ற தகுதியில் அந்தக் கோட்டாவில் இடம் கேட்க முடியும். இந்த விவரம் தெரிந்த குடும்பங்கள் குறைவு.

ஆக, மாடிப்படி ஏறி இறங்கத் தெம்புள்ள நான் கீழே படுத்திருக்கிறேன். நிற்கவே சிரமப்படும் பெண் மேலே ஏறவேண்டியிருக்கிறது. டிக்கெட் என் பெயரில் இருக்கிறது, உண்மை. அதற்காக அந்த இடம் அவளைவிட எனக்குத்தான் அதிகம் தேவை என்று ஆகிவிடாது.

பெட்டிக்குள் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கைகள். சைடு லோயரையும் சேர்த்தால் கீழே இருப்பவை 27. புதிய எல்எச்பி பெட்டியில் 80க்கு 30. இதில் சைடு லோயர் சிலவற்றில் ஆர்ஏசி பயணிகள் இரண்டு பேராக உட்கார்ந்திருப்பார்கள். முழங்கால் வலியுள்ள பாட்டி, கைக்குழந்தைக்காரி, சர்க்கரை நோயில் இரவு நான்கு முறை எழுந்திருக்கும் தாத்தா, எல்லோருக்கும் கீழேதான் வேண்டும். ரயில் கிளம்பிய பிறகு கீழ்ப்படுக்கை எதுவும் காலியாக இருந்தால், மேலேயோ நடுவிலேயோ இடம் கிடைத்த கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் அதை மாற்றித்தர டிடிஆருக்கு அதிகாரம் உண்டு. தீபாவளி, பொங்கல், மே மாத விடுமுறை நாட்களில் காலி ஏது? அப்போது மாற்றித்தரக்கூடியவர்கள் பக்கத்தில் இருக்கும் பயணிகள் மட்டும்தான்.

மேலே ஏறுவது அப்படியென்ன பெரிய விஷயம் என்று ஆண்கள் சிலர் கேட்கிறார்கள். பிள்ளைத்தாச்சியின் உடம்பில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் கேட்கமாட்டார்கள். கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. பிரசவத்துக்குத் தயாராக மூட்டுகளின் பிடிமானம் தளர்கிறது. வயிறு முன்னே வர வர, உடம்பு சமநிலையை நிறுத்தும் இடமே மாறிவிடுகிறது. சமதரையில் நடக்கும்போதே கால் தடுமாறும். ஓடும் ரயிலில் ஒல்லியான இரும்புப் படியில் கால் வைத்து, வயிற்றைக் கம்பியில் இடிக்காமல் உடம்பைத் தூக்கி மேலே போடவேண்டும் என்றால் எப்படி இருக்கும்? ஏறியதோடும் முடிவதில்லை. கருப்பை சிறுநீர்ப்பையை அழுத்துவதால் இரவில் பலமுறை இறங்கவேண்டும். கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். அதனால்தான் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். அப்பர் பெர்த்தின் அகலத்தில் அந்த வயிற்றோடு புரண்டு படுப்பதே பெரும்பாடு. இறங்கச் சிரமம் என்று தண்ணீர் குடிக்காமலே இரவைக் கழிக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அது அவளுக்கும் நல்லதல்ல, பிள்ளைக்கும் நல்லதல்ல.

முதல் மூன்று மாதம் இன்னொரு விதமான கஷ்டம். வயிறு வெளியே தெரியாது, மசக்கையோ பாடாய்ப்படுத்தும். தலைசுற்றல், வாந்தி, காரணம் தெரியாத அசதி. அந்தப் பெண்ணைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று தோன்றும். கேட்கவும் கூச்சப்படுவாள். வீட்டிலேயே இன்னும் எல்லோரிடமும் சொல்லியிருக்கமாட்டாள், ரயிலில் எப்படிச் சொல்வாள்?

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பேசவேண்டும். "அறுபது நாளைக்கு முன்னாடியே காலையில எட்டு மணிக்கு உக்காந்து புக் பண்ணினேன். நான் எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர் முயற்சி எடுத்தார், பணம் கட்டினார், இடம் அவருடையது. கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆனால் ஒன்றைக் கொடுக்க உரிமை உள்ளவரால்தான் முடியும். அந்த இடம் என்னுடையது என்பதால்தான் இன்னொருத்திக்கு அதைக் கொடுக்கும் பாக்கியமும் எனக்கு இருக்கிறது. உரிமையைப் பிறர் பிடுங்குவதும் நாமே மனமுவந்து கொடுப்பதும் வேறு வேறு. முதலாவதை எதிர்ப்போம், அதற்காக இரண்டாவதை ஏன் கைவிடவேண்டும்?

இரண்டு பேருக்கும் ஆகும் செலவையும் எடைபோட வேண்டும். படுக்கையை மாற்றிக்கொள்பவர் எதையும் இழப்பதில்லை. அதே கட்டணம், அதே பெட்டி, அதே நேரத்தில் ஊர் போய்ச் சேர்வார். உடம்பு நன்றாக இருப்பவருக்கு ஒருமுறை ஏறி, விடிந்ததும் இறங்குவதுதான் வேலை. அவளுக்கோ இரவு முழுக்க பயம், வலி, விழுந்துவிடுவோமோ என்ற கவலை. ஒரு பக்கம் சின்ன அசௌகரியம், மறுபக்கம் இரண்டு உயிரின் பத்திரம். இந்தத் தராசு எந்தப் பக்கம் தாழும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பகல் ரயில் விஷயம் வேறு. வைகை மாதிரியான ரயிலில் உட்காரும் இருக்கையை முழுதாகக் கொடுத்துவிட்டால், கொடுத்தவர் மதுரையிலிருந்து சென்னைவரை நிற்கவேண்டியிருக்கும். அந்த அளவு தியாகத்தை யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. அங்கே செய்யக்கூடியது பகிர்தல். நான் திண்டுக்கல்வரை நிற்கிறேன், திருச்சிவரை நீங்கள் நில்லுங்கள் என்று மூன்று நான்கு பேர் முறைவைத்து எழுந்தால், நிற்கும் பிள்ளைத்தாச்சியை வழி முழுக்க உட்காரவைத்துவிடலாம். ஒருவர் தலையில் முழுப் பாரமும் விழாது.

சில வாரங்களுக்கு முன், திருநெல்வேலிக்குப் போன ஒரு இரவு ரயிலில் நடந்ததைச் சொல்கிறேன். தாயும் மகளும் செங்கல்பட்டில் ஏறினார்கள். மகளுக்கு அப்பர் பெர்த். எதிர்ப் படுக்கையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் படுத்திருந்தார்.

"தம்பி, எம் மக மாசமா இருக்கா. கொஞ்சம் மேல போய்ப் படுத்துக்கிடுதீங்களா?"

"மன்னிச்சுக்கோங்கம்மா, என்னால முடியாது."

பக்கத்தில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு இரக்கமே இல்ல" என்று எல்லோர் காதிலும் விழும்படியே ஒருவர் சொன்னார். அந்த இளைஞர் எழுந்து உட்கார்ந்து சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட். முதுகில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான் ஆகிறதாம்.

"நீ இங்க படுத்துக்கோ தாயி, நான் மேல போறேன்" என்று நான் அந்தப் பெண்ணை என் இடத்தில் உட்காரவைத்தேன். படுக்கைப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் தன் நோயை நிரூபித்துக் காட்டவேண்டிய நிலைக்கு அந்தப் பிள்ளையைத் தள்ளியது பெரும் தவறு. முடியாது என்று ஒருவர் சொன்னால், அதற்குமேல் விளக்கம் கேட்க நமக்கு உரிமை இல்லை. இதய நோய், மூட்டு வாதம், மாதவிடாய் வலி, உயரத்தைக் கண்டால் வரும் நடுக்கம் என்று வெளியே தெரியாத காரணங்கள் ஆயிரம். கர்ப்பிணியின் மீது காட்டும் கருணை இன்னொருவரை அவமானப்படுத்துவதில் போய் முடியக்கூடாது.

அதனால்தான் கேட்கும் பொறுப்பு அவளுடையதாக இருக்கக்கூடாது என்கிறேன். முடிந்தவர் முதலில் வாய் திறந்துவிட்டால், முடியாதவரிடம் யாரும் போய்க் கேட்கவேண்டிய அவசியமே வராது. மற்ற ஊர்களும் இதைத்தான் வேறு வழியில் யோசித்திருக்கின்றன. லண்டன் ரயில்களில் கர்ப்பிணிகள் சட்டையில் குத்திக்கொள்ள 2005 முதல் இலவசமாக பேட்ஜ் தருகிறார்கள். ஜப்பானில் 2006 முதல் அதற்கென ஓர் அடையாளச் சின்னம் இருக்கிறது. தென்கொரியாவின் பூசான் நகரில் 2016இல் ஒரு கருவியைக் கொண்டுவந்தார்கள். அதைப் பையில் வைத்திருக்கும் கர்ப்பிணி அருகே வந்தால், இருக்கைக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பு விளக்கு எரியும். மூன்று ஊரிலும் நோக்கம் ஒன்றுதான்: வயிறு தெரியாத மாதத்திலும், அவள் வாய்விட்டுக் கேட்காமலேயே இடம் கிடைக்கவேண்டும்.

நம் ரயில்வேயும் செய்யவேண்டியது இருக்கிறது. கைபேசியில் பதிவு செய்யும்போதே கர்ப்பிணி என்று குறிப்பிட ஓர் இடம் தரட்டும். பயணத்தின்போது டிடிஆர் சான்றிதழைப் பார்த்துக்கொள்ளட்டும். வயதுச் சான்றைப் பார்ப்பவருக்கு இது கூடுதல் சுமை அல்ல. 2017இல் தூங்கும் நேரத்தை இரவு 10 முதல் காலை 6 என்று மாற்றியபோது, கர்ப்பிணிகளும் நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் அதற்குமேல் தூங்க விரும்பினால் ஒத்துழைக்கும்படி மற்ற பயணிகளை அதே ரயில்வேதான் கேட்டுக்கொண்டது. அந்த அக்கறை டிக்கெட் பதிவிலும் வரவேண்டும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. வளைகாப்புக்கு நாள் குறித்ததுமே மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கவுண்டருக்குப் போங்கள். முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறந்துவிடுகிறது. தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோ பயணம் செய்பவருக்குத்தான் இந்தக் கோட்டா. ஊர்கூடி ஒரே டிக்கெட்டில் பதிவு செய்தால் கிடைக்காது. வளையலுக்கும் சீர்த்தட்டுக்கும் காட்டும் அக்கறையை அவள் படுக்கும் இடத்துக்கும் காட்டுங்கள். பிறர் தயவை நம்பி ஏழு மாதப் பெண்ணை ரயில் ஏற்றாதீர்கள்.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்தமுறை கீழ்ப்படுக்கை உங்களுக்குக் கிடைத்து, உங்கள் உடம்பும் இடம்கொடுத்தால், பெட்டிக்குள் வருபவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். எத்தனை மாதம் என்று கேட்கவேண்டாம். மாசமா இருக்கியா என்றும் கேட்கவேண்டாம். "கீழ வேணுமாம்மா? எனக்கு மேல போறதுல ஒண்ணும் சிரமமில்ல" என்ற ஒரு வாக்கியம் போதும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் போர்வையை எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். சட்டம் கேட்காததை மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்வதால்தான் பயணம் பத்திரமாக இருக்கிறது. முடிந்தவர்கள் கொடுத்துவிடுங்கள்.